வலிமையின் இடம்

நுழையும்முன்

பெரிய பொருள் ஒன்றைச் சிறிய அளவில் செய்துகாட்டுவது மாதிரி. அம்மாதிரியைப் பறக்கவும் வைப்பது மாதிரி ஏவூர்திக் கலை. அட்டைக் குழாய், மரத்தகடு, பசை ஆகிய எளிய பொருள்களால் உருவாகும் ஏவூர்தி, அளவில் பெருகும்போது அதன் சிக்கல்களும் பெருகுகின்றன. எங்கே வலுவூட்டுவது, எங்கே விட்டுவிடுவது என்று முடிவுசெய்வதில் அதைச் செய்பவரின் அறிவும் பொறுப்பும் வெளிப்படுகின்றன.

காகிதக் குழாயில் தொடங்கிய கலை

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. அச்செய்தியைக் கேட்ட அமெரிக்கச் சிறுவர் பலர் தாமும் ஏவூர்தி செய்யத் தலைப்பட்டனர். கையில் கிடைத்த உலோகக் குழாய்களில் எளிதில் தீப்பற்றும் வேதிப்பொருள்களை அடைத்துக் கொளுத்தினர். குழாய் வெடித்தபோது உலோகத் துண்டுகள் நாற்புறமும் சிதறின. ஆர்வம் மிகுந்த பிள்ளைகள் படுகாயமுற்றனர். அவ்வார்வத்தைத் தடுத்து நிறுத்துவதா, அதற்குப் பாதுகாப்பான வழியொன்றை அமைத்துத் தருவதா என்னும் வினா பெரியோர் முன் எழுந்தது.

அவ்வினாவுக்கான விடை ஸ்புட்னிக்குக்கு முன்பே ஒரு காலணிக் கடையில் பிறந்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் அக்கடையை நடத்தியவர் ஓர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் ஈடுபாடு கொண்ட அவர், தம் உடன்பிறந்தார் ராபர்ட்டுக்காக 1954இல் காகிதத்தாலும் மரத்தாலும் சிறிய ஏவூர்தி ஒன்றை உருவாக்கினார். எரிந்து தீர்ந்த உந்துபொறியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி அதனை மீண்டும் பறக்கவிடலாம். உச்சியை அடைந்ததும் வான்குடை விரிந்து அது மெல்லத் தரையிறங்கும். இளைஞர்களின் ஏவூர்தி விபத்துகளைப் பற்றி ஜி. ஹாரி ஸ்டைன் எழுதிய கட்டுரை ஒன்றை 1957இல் படித்த கார்லைல், தாம் செய்த மாதிரிகளை அவருக்கு அனுப்பிவைத்தார். ஒயிட் சாண்ட்ஸ் ஏவூர்திச் சோதனைத் தளத்தில் பணியாற்றிய பட்டறிவு உடையவர் ஸ்டைன். அவர் இக்கலைக்கெனப் பாதுகாப்பு நெறிகளை வகுத்தார். வெர்ன் எஸ்டெஸ் என்பவர் சிறிய உந்துபொறிகளைச் சில நொடிகளுக்கு ஒன்றாகச் செய்து தள்ளும் எந்திரத்தை அமைத்தார். இவ்வாறு ஏவூர்திக் கலை பள்ளிப் பிள்ளைகளின் கைகளுக்குப் பாதுகாப்பாக வந்து சேர்ந்தது.

அந்நெறிகள் எளியவை. உடற்பகுதி காகிதம், மரம், நெகிழி போன்ற இலேசான பொருள்களால் ஆகியிருத்தல் வேண்டும். உந்துபொறியை வீட்டில் செய்தல் கூடாது. தொழிற்சாலையில் செய்ததையே பயன்படுத்த வேண்டும். விலகி நின்று மின்சாரத்தின் வழியாகவே பற்றவைக்க வேண்டும். பத்திரமாக இறங்குவதற்கான அமைப்பு இருத்தல் வேண்டும். இவற்றுள் முதல் நெறி ஆழ்ந்த பொருளுடையது. ஏவூர்தி எங்கேனும் மோத நேர்ந்தால், மோதப்படும் பொருளுக்கு முன்னர் ஏவூர்தியே நசுங்க வேண்டும் என்பது அதன் கருத்து. காகிதத்தின் மென்மை இங்கே குறையன்று. திட்டமிட்டுத் தேர்ந்துகொண்ட காவல்.

பெரிதாகும்போது நேர்வது

முழங்கை நீள ஏவூர்தியோடு எவருடைய ஆசையும் நின்றுவிடுவதில்லை. ஆளுயரத்துக்கும் அதற்கு மேலும் ஏவூர்திகளைச் செய்வதற்கான பாகத் தொகுப்புகள் உள்ளன. அத்தகைய தொகுப்பில் தடித்த அட்டைக் குழாய்கள், கூம்பு வடிவ முனை, ஒட்டுப்பலகையில் அறுத்தெடுத்த வால் துடுப்புகள், மைய வளையங்கள், உந்துபொறியைத் தாங்கும் உட்குழாய், வான்குடை, அதனைப் பிணைக்கும் நாடா ஆகியன இருக்கும். சிறிய ஏவூர்தியிலும் இவையே உள்ளன. ஆயினும் சிறியதைப் பெரிதாக்கினால் அது பெரிய சிறியதாக இருப்பதில்லை, வேறொரு பொருளாகிவிடுகிறது.

இதன் காரணத்தைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் இருமடங்கானால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். கனஅளவோ எட்டு மடங்காகும். எடை கனஅளவைப் பின்பற்றுகிறது. தாங்கும் வலிமையோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பின்பற்றுகிறது. எட்டு மடங்கு எடையை நான்கு மடங்கு பரப்பு தாங்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் சுமை இருமடங்காகிறது. பெரிய விலங்கின் எலும்பு நீளத்தில் மட்டும் வளர்ந்தால் போதாது, பருமனில் அதனினும் மிகுதியாக வளர வேண்டும் என்பதைக் கலிலியோ படம் வரைந்து காட்டினார்.

இக்கணக்கு ஏவூர்திக்கும் பொருந்தும். நூறில் ஒரு பங்கு அளவில் செய்த சாட்டர்ன் 5 மாதிரியின் உயரம் ஏறத்தாழ 1.1 மீட்டர். பத்தில் ஒரு பங்கு அளவில் அதே வடிவத்தைச் செய்தால் உயரம் 11 மீட்டர். உயரம் பத்து மடங்கு ஆகும்போது, அதே பொருளால் அதே விகிதத்தில் செய்தால் எடை ஆயிரம் மடங்காகும். பசையிட்ட பரப்போ நூறு மடங்குதான் ஆகும். சிறியதில் ஒரு துளிப் பசை செய்த வேலையைப் பெரியதில் எந்தப் பசையும் தனித்துச் செய்ய இயலாது. அங்கேதான் வலுவூட்டும் கலை தொடங்குகிறது.

மூங்கிலின் கணு

வலுவூட்டுதல் என்றதும் எல்லாவற்றையும் தடிமனாக்கலாம் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். இயற்கை அவ்வழியைத் தேர்வதில்லை. மூங்கில் உள்ளே வெறுமையானது. ஆயினும் புயற்காற்றில் வளைந்து நிமிர்கிறது. குழாய் வளையும்போது அதன் வட்டம் நசுங்கி நீள்வட்டமாக முனைகிறது. வட்டம் குலைந்தால் குழாய் மடிந்துவிடும். மூங்கிலின் கணுக்கள் அவ்வட்டத்தைக் குலையாமல் காக்கின்றன. முழுத் தண்டையும் திண்மையாக்காமல் இன்றியமையாத இடங்களில் மட்டும் குறுக்குச் சுவர் எழுப்பியதே மூங்கிலின் சிக்கனம்.

ஏவூர்தியின் மைய வளையங்கள் அதன் கணுக்கள். உந்துபொறி எரியும்போது எழும் விசை முதலில் உட்குழாயைத் தள்ளுகிறது. உட்குழாய் வளையங்களைத் தள்ளுகிறது. வளையங்கள் வெளிக்குழாயைத் தள்ளுகின்றன. வெளிக்குழாய் தனக்கு மேலுள்ள அனைத்தையும் சுமந்து எழுகிறது. இவ்வாறு விசை நடந்து செல்லும் பாதையை மனத்தில் தொடர்ந்து செல்பவருக்கு எந்த ஒட்டு முதலில் பிரியும் என்பது தெரிந்துவிடும். வளையமும் குழாயும் சேரும் இடம் அது. எனவே நன்கு பழகிய கைகள் குழாயின் வழவழப்பான பரப்பை முதலில் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கும். பளபளப்பின் மீது பூசிய பசை, காகிதத்தைப் பற்றாமல் பளபளப்பையே பற்றும். விரைவில் இறுகும் பசையைக் காட்டிலும் மெல்ல இறுகும் எப்பாக்சிப் பசையே பெரிய ஒட்டுகளுக்கு உகந்தது. பொறுமையும் இங்கே ஒரு கட்டுமானப் பொருள்.

துடுப்புகள் இன்னும் நுட்பமானவை. சிறிய ஏவூர்தியில் அவை குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டப்படுகின்றன. பெரியதில் அது போதாது. வெளிக்குழாயில் நீண்ட பிளவுகளை வெட்டி, துடுப்பின் அடிப்பகுதியை அவற்றின் வழியே உள்ளே செலுத்தி, உட்குழாயைத் தொடச் செய்து ஒட்டுவர். அப்போது துடுப்பு உட்குழாயிலும், மேலும் கீழும் உள்ள வளையங்களிலும், வெளிச்சுவரின் இருபுறங்களிலும் பற்றுக்கோடு பெறுகிறது. நிலத்தின் மேல் நட்ட கம்பத்துக்கும் குழி தோண்டி நட்ட கம்பத்துக்கும் உள்ள வேறுபாடு இது. துடுப்பும் குழாயும் சேரும் கூர்மையான மூலையில் பசையை உள்வளைவாக வழித்துவிடுவதும் அழகுக்காக மட்டுமன்று. கூரிய மூலையில் விசை குவியும். வளைந்த மூலையில் அது பரவிச் செல்லும். மரத்தின் இழை ஓடும் திசையும் பொருட்படுத்தத்தக்கது. பால்சா மரத்தில் துடுப்பை வெட்டும்போது இழை அதன் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குழாய்க்கு இணையாக ஓடினால் துடுப்பு வேரோடு பிளந்துவிடும்.

விரைவு மிகும்போது மற்றொரு பகை தலைகாட்டுகிறது. காற்றில் கொடி படபடப்பதைப் போல மெல்லிய துடுப்பும் படபடக்கத் தொடங்கும். ஒவ்வோர் அசைவும் அடுத்த அசைவுக்கு ஊட்டமளிக்க, நொடிப்பொழுதில் துடுப்பு பிய்ந்துபோகும். இதைத் தடுக்கத் துடுப்புகளின் மீது கண்ணாடியிழைத் துணியைப் படியவைத்து எப்பாக்சியால் நனைப்பர். ஒரு துடுப்பின் நுனியிலிருந்து குழாயின் மேலேறி அடுத்த துடுப்பின் நுனிவரை ஒரே துணியாக விரிப்பதும் உண்டு. இங்கே சுமையைத் தாங்குவது இழை. இழைகளைச் சேர்த்துப் பிடிப்பதே பசையின் பணி. துணியை நனைக்கும் அளவுக்கு மேல் ஊற்றிய பசை வலிமையைக் கூட்டுவதில்லை. எடையை மட்டும் கூட்டுகிறது.

வாலில் ஏறும் எடை

எடை கூடினால் என்ன என்று கேட்கலாம். பாலத்துக்கு அவ்வினா பொருந்தலாம், பறப்பதற்குப் பொருந்தாது. ஏவூர்தி நேராகப் பறப்பதற்கு இரண்டு புள்ளிகள் துணைநிற்கின்றன. எடை முழுவதும் குவிந்ததாகக் கொள்ளப்படும் ஈர்ப்பு மையம் ஒன்று; காற்றின் பக்கவாட்டு விசை குவிந்ததாகக் கொள்ளப்படும் அழுத்த மையம் மற்றொன்று. ஈர்ப்பு மையம் முனைப்பக்கம் முன்னிற்க, அழுத்த மையம் வால்பக்கம் பின்னிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே குறைந்தது குழாயின் விட்டம் அளவேனும் தொலைவு இருத்தல் நன்று என்பது இக்கலைஞர் கொள்ளும் அளவுகோல். அப்போது ஏவூர்தி சற்றுச் சாய்ந்தாலும் காற்றே அதன் வாலைத் தள்ளி நேராக்கும். இவ்வொழுங்கு தலைகீழானால் அதே காற்று ஏவூர்தியைச் சுழற்றிவிடும். எந்தத் திசையில் பாயும் என்று எவராலும் கூற இயலாத ஏவூர்தி, பார்வையாளரை நோக்கியும் பாயலாம்.

மேலே கூறிய வலுவூட்டல்களில் பெரும்பாலானவை வால்பகுதியில் நிகழ்பவை. ஒருவர் துடுப்புகளில் 200 கிராம் எடையுள்ள பசையையும் இழையையும் சேர்ப்பதாகக் கொள்ளலாம். அவ்வெடை ஈர்ப்பு மையத்துக்கு 30 செ.மீ. பின்னால் உள்ளது. ஈர்ப்பு மையம் இடம்பெயராதிருக்க வேண்டுமானால், 60 செ.மீ. முன்னாலுள்ள முனையில் 100 கிராம் எடையைச் சேர்த்தாக வேண்டும். 200 கிராம் வலிமைக்காகக் கொடுத்த விலை 300 கிராம் ஆகிவிட்டது. கூடிய எடையை உயர்த்த வலிய உந்துபொறி வேண்டும். அப்பொறியும் எடை மிக்கது. அதுவும் வாலிலேயே அமர்கிறது. மீண்டும் முனையில் எடை. அச்சத்தால் சேர்த்த ஒவ்வொரு கிராமும் மற்றொரு கிராமை அழைத்து வருகிறது.

சாட்டர்ன் 5 போன்ற மெய்யான ஏவூர்திகளின் மாதிரிகளில் இச்சிக்கல் இருமடங்கு. மெய்யான சாட்டர்னின் அடியில் நான்கு சிறிய துடுப்புகளே இருந்தன. அதன் முதல் அடுக்கிலிருந்த ஐந்து பொறிகளுள் வெளிப்புற நான்கும் திரும்பித் திசையைச் செப்பனிட்டன. மாதிரிக்கு அத்தகைய திசைமாற்றி இல்லை. உருவத்தில் உண்மையாக இருக்க வேண்டுமானால் துடுப்பு சிறிதாக இருக்க வேண்டும்; பத்திரமாகப் பறக்க வேண்டுமானால் முனையில் எடை ஏற வேண்டும் அல்லது துடுப்பு பெரிதாக வேண்டும். சிலர் கண்ணுக்குத் தெரியாதவாறு ஒளிபுகும் நெகிழித் துடுப்புகளைச் சேர்க்கின்றனர். உண்மைத் தோற்றத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே நிகழும் இந்தப் பேரத்தில் பாதுகாப்பு ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

மாதிரி ஏவூர்தியின் உந்துபொறிகள் அவை தரும் மொத்தக் கணத்தாக்கைக் கொண்டு ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்தப்படுகின்றன. ‘ஏ’ வகையின் உச்ச அளவு 2.5 நியூட்டன்-விநாடி. ஒவ்வோர் எழுத்துக்கும் அவ்வளவு இருமடங்காகும். ஏழாவது எழுத்தாகிய ‘ஜி’ வகையின் உச்சம் 160 நியூட்டன்-விநாடி. அமெரிக்காவில் எட்டாவது எழுத்தாகிய ‘எச்’ முதல் மேலுள்ளவற்றைப் பயன்படுத்தத் தகுதிச் சான்று பெற வேண்டும். அச்சான்று மூன்று நிலைகளை உடையது.

இறங்குவதே தேர்வு

அத்தகுதிச் சான்றுக்கான தேர்வு கருதத்தக்கது. தாமே கட்டிய ஏவூர்தியைத் தேர்வாளர் முன்னிலையில் ஏவிக் காட்ட வேண்டும். எத்துணை உயரம் சென்றது என்பதைக் கொண்டு வெற்றி முடிவுசெய்யப்படுவதில்லை. இறங்கிய ஏவூர்தி மீண்டும் பறக்கத்தக்க நிலையில் இருக்கிறதா என்பதே வினா. ஏறியது பாதி, இறங்கியது மீதி.

இறக்கமே பல ஏவூர்திகளுக்கு இறுதியாகிறது. உச்சியில் சிறிய வெடிமருந்து எரிந்து முனையைத் தள்ளி வான்குடையை வெளியேற்றும். அது சற்று முந்தியோ பிந்தியோ நிகழ்ந்தால் ஏவூர்தி விரைந்துகொண்டிருக்கும். வான்குடையின் நாடா திடீரென இறுகி அட்டைக் குழாயின் விளிம்பை மேலிருந்து கீழாகக் கிழித்துவிடும். எனவே நாடாவை மெல்லிய சுவரில் கட்டாமல் உள்ளே வளையத்தில் பதித்த உலோகக் கொக்கியில் பிணைப்பர். நாடாவை ஏவூர்தியின் நீளத்தைப்போலப் பன்மடங்காக வைத்து, இழுவிசை படிப்படியாகத் தணிய இடமளிப்பர். குழாயின் விளிம்புக்கு மட்டும் தனியே வலுவூட்டுவர்.

மேலே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்றோ வெளியேற முயன்று முனையை முன்கூட்டியே தள்ளக்கூடும். இதற்கும் தடித்த சுவர் மருந்தன்று. சுவரில் இட்ட சிறு துளை ஒன்றே போதுமானது. முனை தானாக நழுவாமலிருக்க மெல்லிய நைலான் திருகுகளை இடுவர். அவை காற்றுக்கு அசையாமல் நிற்க வேண்டும். வெடிமருந்தின் தள்ளலுக்கு உடைந்து வழிவிட வேண்டும். உரிய நேரத்தில் உடைவதற்கென்றே ஒரு பொருளைத் தேர்வதும் வலுவூட்டலின் ஒரு பகுதியே ஆகும்.

பெரியதும் கற்ற பாடம்

மாதிரிக்கு மட்டுமன்று, மூலத்துக்கும் இப்பாடம் வாய்த்தது. ஏறத்தாழ 111 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன் 5 ஏவூர்தி, 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆளில்லாத அப்பல்லோ 6 கலத்தைச் சுமந்து எழுந்தது. முதல் அடுக்கு எரிந்துகொண்டிருந்தபோது ஏவூர்தி முழுவதும் மேலும் கீழுமாகக் கடுமையாக அதிர்ந்தது. எரிபொருள் குழாய்களில் ஏற்பட்ட அழுத்த அலைகள் பொறியின் உந்துவிசையை ஏற்றி இறக்கின. அவ்வேற்ற இறக்கம் குழாய்களை மேலும் அலைத்தது. பின்னர் இரண்டாம் அடுக்கின் ஐந்து பொறிகளில் இரண்டு உரிய நேரத்துக்கு முன்பே நின்றுபோயின. அடுத்து எழ வேண்டிய சாட்டர்னில் மனிதர் அமர வேண்டியிருந்தது.

முதல் அடுக்கின் அதிர்வை அடக்கப் பொறியாளர்கள் ஏவூர்தியைச் சுற்றி எஃகைப் போர்த்தவில்லை. திரவ ஆக்சிசன் செல்லும் வழியிலிருந்த அடைப்பிதழ்களின் உட்குழிவுகளில் ஹீலியம் வளிமத்தை நிரப்பினர். அழுந்தி விரியும் அவ்வளிமம் மெத்தையைப்போல் அலைகளை உள்வாங்கிக்கொண்டது. 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 மூவரை ஏற்றிக்கொண்டு நிலவைச் சுற்றிவந்தது. கையால் தூக்கிப் பார்த்தால் எடையே தெரியாத வளிமம், ஏறத்தாழ 2,900 டன் எடையுள்ள ஏவூர்திக்கு வலுவூட்டியது.

மேரிலாந்தில் எழுந்த சாட்டர்ன்

அப்பெரும் ஏவூர்தியின் பத்தில் ஒரு பங்கு மாதிரியை ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஈவ்ஸ் என்பவர் உருவாக்கினார். அது கடையில் வாங்கிய தொகுப்பன்று; அவரே அளந்து, அறுத்து, ஒட்டியது. உயரம் 36 அடி. எடை 1,648 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 750 கிலோகிராம். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தின் பிரைஸ் என்னும் ஊருக்கருகே அது ஏவப்பட்டது. 13,000 நியூட்டன்-விநாடி கணத்தாக்குடைய எட்டு உந்துபொறிகளும் 77,000 நியூட்டன்-விநாடி உடைய ஒன்றும் அதற்கு உந்துவிசை அளித்தன. 4,441 அடி உயரம் சென்ற அது, வான்குடைகள் விரியத் தரைக்கு மீண்டது. தனிமனித முயற்சியாளர் பறக்கவிட்டு மீட்ட ஏவூர்திகளுள் அதுவே அந்நாளில் மிகப் பெரியதும் எடைமிக்கதும் ஆகும்.

முக்கால் டன் எடை வானத்தில் ஏறினால், முக்கால் டன் எடை வானத்திலிருந்து இறங்கியாக வேண்டும். தொடக்கத்தில் கண்ட காகிதத்தின் காவல் இங்கே இல்லை. வலுவூட்டிய ஏவூர்தி பிழைத்துவிட்டால் தனக்குக் கேடு குறைவு. பிழைத்துவிட்ட அதன் உறுதியே பிறருக்குக் கேடாக முடியலாம். உறுதி கூடக்கூட, அதனைச் செய்தவர் ஏற்கும் பொறுப்பும் கூடுகிறது. அதனால்தான் ஏவூர்தி பெரிதாகும்தோறும் பார்வையாளர் நிற்க வேண்டிய தொலைவும் மிகுகிறது. மூன்றாம் நிலைச் சான்றுக்கு வரைபடங்களையும் கணக்குகளையும் வல்லுநர் முன்கூட்டியே ஆராய்கின்றனர். வான்குடையை வெளித்தள்ளும் மருந்தின் அளவு தரையிலேயே சோதித்துப் பார்க்கப்படுகிறது. காற்று கடுமையாக வீசும் நாளில் பல மாத உழைப்பில் உருவான ஏவூர்தியை ஏவாமல் வீட்டுக்குத் திரும்ப எடுத்துச்செல்லும் மனவுறுதியும் இக்கலையில் ஒரு திறனே.

வலிமை பொருளின் தடிமனில் இருப்பதாகத் தோன்றும். மாதிரி ஏவூர்தியைக் கட்டுபவர் அது வேறிடங்களில் இருப்பதைக் கைவழியே கற்றுக்கொள்கிறார். அது வளையமும் குழாயும் சேரும் ஒட்டில் இருக்கிறது; வழித்துவிட்ட மூலையின் வளைவில் இருக்கிறது; காற்றை வெளியேற்றும் சிறு துளையில் இருக்கிறது; உரிய நேரத்தில் உடையும் திருகில் இருக்கிறது. விசை எங்கே பிறந்து, எவ்வழியே சென்று, எங்கே முடிகிறது என்று அறிந்தவர் தேவையான இடத்தில் மட்டும் சேர்க்கிறார். மற்ற இடங்களில் கையை நிறுத்திக்கொள்கிறார். அவ்வறிவுடன் கட்டிய ஏவூர்தியே மேலே சென்று, எவருக்கும் ஊறு செய்யாமல், மறுமுறை பறப்பதற்கு ஆயத்தமாக மண்ணுக்குத் திரும்புகிறது.